ஒரு தலைவரின் காலைப் பொழுது: மான்டிசெல்லோ கடிதங்களும் அவற்றைப் படித்தவர்களும்

1822 ஜூன் மாதம் தாமஸ் ஜெஃபர்சன் தன் பழைய நண்பர் ஜான் ஆடம்ஸுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கணக்கு வருகிறது. தனக்கு வரும் கடிதங்களையெல்லாம் வரிசையாகக் குறித்துவைப்பவர் அவர். அந்தப் பட்டியலை ஒருநாள் புரட்டியபோது, ஓர் ஆண்டில் எத்தனை வந்திருக்கிறது, எண்ணித்தான் பார்ப்போமே என்று தோன்றியிருக்கிறது. 1820-இல் மட்டும் 1,267 கடிதங்கள். பலவற்றுக்குப் புத்தகங்களைத் தேடிப் படித்துப் பதில் எழுத வேண்டியிருந்தது. இதுவும் ஒரு வாழ்க்கையா, ஆலையைச் சுற்றிச் சுற்றி வரும் குதிரையின் பிழைப்பு அல்லவா என்று அலுத்துக்கொள்கிறார். நம் வழக்கில் சொன்னால் செக்குமாட்டுப் பிழைப்பு. அப்போது அவருக்கு வயது 79.

அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவராக இருந்து, பதவியை விட்டு 1809 மார்ச்சில் ஊர் திரும்பியவர் ஜெஃபர்சன். வர்ஜீனியாவில், சார்லட்ஸ்வில் அருகே ஒரு குன்றின்மேல் தானே வரைந்து கட்டிய மான்டிசெல்லோ வீட்டில் 1826 ஜூலை 4-இல் இறக்கும்வரை, 17 ஆண்டுகள் இருந்தார். அதற்குள் ஒருமுறைகூட வர்ஜீனியா எல்லையைத் தாண்டவில்லை. உலகம்தான் அவரைத் தேடி வந்தது. நேரில் வர முடியாதவர்கள் எழுதினார்கள்.

எழுதியவர்களின் பெருக்கத்துக்கு அவருடைய புகழ் மட்டும் காரணமல்ல, தபால் சட்டமும் ஒரு காரணம். அந்தக் காலத்தில் கடிதத்துக்கான கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவர்தான் கொடுக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஜெஃபர்சனுக்கு வருவதற்கும் அவர் அனுப்புவதற்கும் ஆயுள் முழுக்கக் கட்டணம் கிடையாது என்று 1809-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. மரியாதை செய்வதாக நினைத்துத்தான் செய்தார்கள். விளைவு, புதுக் கலப்பை கண்டுபிடித்தவர், வேலை தேடுபவர், மத விவாதத்துக்கு இழுப்பவர், தன் புத்தகத்துக்கு நாலு நல்ல வார்த்தை கேட்பவர் என எல்லோருக்கும் மான்டிசெல்லோ திறந்த வீடாகிவிட்டது. ஜெஃபர்சனுக்கோ, வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பது மரியாதைக் குறைவு.

அவருடைய ஒருநாள் எப்படி இருந்தது என்பதை அவரே இரண்டு இடங்களில் விரித்திருக்கிறார். போலந்து வீரர் கொஸ்சியூஸ்கோவுக்கு 1810 பிப்ரவரியில் எழுதியது ஒன்று. காலைப் பொழுது கடிதங்களுக்கு. அதன்பின் பிற்பகல் விருந்துவரை பட்டறைகளிலும் தோட்டத்திலும், குதிரையேறி வயல்களிலும். விருந்து முடிந்து இருட்டும்வரை அண்டை அயலாருடன். விளக்கு ஏற்றியபின் படிப்பு. வைன் அட்லி என்ற மருத்துவருக்கு 1819 மார்ச்சில் எழுதியது இன்னொன்று. இறைச்சி குறைவு, காய்கறிக்குத் தொட்டுக்கொள்ளும் அளவுக்குத்தான். 60 ஆண்டுகளாகத் தினமும் காலையில் குளிர்ந்த நீரில் கால் நனைக்கும் பழக்கம். இரவு எவ்வளவு நேரமானாலும் தூங்குமுன் நீதிநூல் ஏதாவது கொஞ்சம். எப்போது படுத்தாலும் சூரியனோடு எழுந்துவிடுவது. இந்த இரு கடிதங்களையும் மேற்கோள் காட்டாத ஜெஃபர்சன் வரலாறு அரிது. எழுதியவர் தன் நாளை எவ்வளவு அழகாக அடுக்கிக் காட்டுகிறார் என்பதில் மயங்கி, வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் அந்த அடுக்கையே வரலாறாக எடுத்துக்கொண்டார்கள். என் குறை அங்கேதான் தொடங்குகிறது.

அதற்குமுன் அந்த எழுத்து மேசையைப் பார்த்துவிடலாம். அதன்மேல் ஒரு விந்தையான கருவி இருந்தது. பாலிகிராஃப் என்று பெயர். ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் 1803-இல் காப்புரிமை பெற்றது. ஓவியர் சார்லஸ் வில்சன் பீல் செய்து விற்றது. இரண்டு பேனாக்களை மரச்சட்டத்தால் இணைத்திருப்பார்கள். ஒன்றால் எழுதினால் மற்றது பக்கத்துத் தாளில் அதையே எழுதும். ஜெஃபர்சன் 1804 முதல் சாகும்வரை இதை விடவில்லை. பழுது, திருத்தம், புது மாதிரி என்று பீலுக்கு எழுதிய கடிதங்களே ஏராளம். வாழ்நாளில் அவர் எழுதியவை சுமார் 19,000 என்பது மதிப்பீடு. இவற்றோடு, எந்தத் தேதியில் யாருக்கு எழுதினார், யாருடையது எப்போது எழுதப்பட்டு எப்போது கைக்குக் கிடைத்தது என்று 1783 முதல் 1826 வரை அவர் பராமரித்த 656 பக்கப் பதிவேடு வேறு. தொலைந்துபோன கடிதம்கூட இன்ன நாளில் தொலையாமல் இருந்தது என்று நமக்குத் தெரியும். இவ்வளவு கவனமான மனிதருக்கும் 1782-இல் இறந்த மனைவி மார்த்தாவுக்கும் இடையே நடந்த கடிதங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. எதை வைத்துக்கொள்வது என்பதைப் போலவே எதை விட்டுவைக்கக் கூடாது என்பதும் அந்த வீட்டில் முடிவுசெய்யப்பட்டிருக்கிறது.

எழுதுவது உடலுக்கு எளிதாகவும் இல்லை. 1786-இல் பாரிஸில் வலது மணிக்கட்டு பிசகியது சரியாகவே கூடவில்லை. 1822 நவம்பரில் வீட்டுப் படிக்கட்டில் விழுந்து இடது கையை உடைத்துக்கொண்டார். கடைசி ஆண்டுகளின் கடிதங்களில் கை வலியைப் பற்றிய புலம்பல் வானிலைக் குறிப்பு மாதிரி வந்துகொண்டே இருக்கும்.

இனி இந்தக் காகிதக் குவியலைப் படித்தவர்கள். முதலில் கைவைத்தது குடும்பம். பேரன் தாமஸ் ஜெஃபர்சன் ரேண்டால்ஃப் 1829-இலேயே நான்கு தொகுதிகள் வெளியிட்டார். கடன் அடைக்கப் பணம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும் அதில் இருந்தது. 1848-இல் அரசு, பொது வாழ்வு சார்ந்த தாள்களை 20,000 டாலருக்கு வாங்கிக்கொண்டது. 'சொந்த' விஷயம் என்று ஒதுக்கப்பட்டவை குடும்பத்திடமே தங்கி, அவற்றில் பெரும்பகுதி 1898-இல் மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்துக்குப் போனது. இந்தப் பிரிவினையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எது பொது, எது சொந்தம் என்று பிரித்த அந்தக் கோடு அடுத்த நூறு ஆண்டு ஆராய்ச்சியின் கோடாகவும் ஆயிற்று. அரசியல் தத்துவம் ஒரு பக்கம், பண்ணைக் கணக்கு இன்னொரு பக்கம்.

பிரின்ஸ்டனில் ஜூலியன் பாய்ட் தொடங்கிய பெரும்பதிப்பின் முதல் தொகுதி 1950-இல் வந்தது. எழுதியவை மட்டுமல்ல, வந்தவையும் முழுமையாக வேண்டும் என்பது பாய்டின் கொள்கை. சரியான கொள்கை, ஆனால் ஆமை வேகம். ஓய்வுக் காலத்தைத் தனியே பிரித்து மான்டிசெல்லோவிலேயே ஒரு பதிப்புக் குழு 1999-இல் அமைந்தது. ஜெஃபர்சன் லூனி பதிப்பாசிரியராக இருந்த அதன் முதல் தொகுதி 2004-இல் வெளியானது. 1809 மார்ச் முதல் நவம்பர் நடுவரையிலான ஒன்பது மாதம்கூட நிறையாத காலத்துக்கே ஒரு தடித்த நூல். இந்தப் பதிப்பின் அருமை அதன் சமத்துவத்தில் இருக்கிறது. ஆடம்ஸின் கடிதத்துக்கும் கருமானுக்குக் கொடுத்த ரசீதுக்கும் இடையே தேதி மட்டும்தான் வேறுபாடு.

ஆடம்ஸுடனான கடிதங்கள் இந்தத் துறையின் செல்லப்பிள்ளை. அதற்குக் காரணமும் உண்டு. அரசியலில் பகைத்துப் பேச்சை நிறுத்திய இரு முன்னாள் தலைவர்களை பெஞ்சமின் ரஷ் என்ற மருத்துவர் நயமாகப் பேசிச் சேர்த்துவைத்தார். 1812 புத்தாண்டு நாளில் ஆடம்ஸ் முதல் கடிதத்தை எழுதினார். 'வீட்டில் நெய்த துணி' இரண்டு துண்டு தனியே அனுப்பியிருப்பதாக அதில் ஒரு வரி. கடிதம் முதலில் வந்துவிட்டது, பொட்டலம் பின்தங்கிவிட்டது. ஜெஃபர்சன் அதை உண்மையாகவே துணி என்று நம்பி, வர்ஜீனியாவில் வீட்டு நெசவு எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு சிறு விரிவுரையே எழுதி அனுப்பினார். பிறகு பொட்டலம் பிரிந்தால், ஆடம்ஸின் மகன் எழுதிய சொற்பொழிவுக் கலை நூல் இரண்டு தொகுதி! இப்படித் தொடங்கிய உறவில் 158 கடிதங்கள். ஆடம்ஸ் எழுதியவை 109, ஜெஃபர்சன் 49. லெஸ்டர் கப்பான் 1959-இல் பதிப்பித்த தொகுப்பில் இருவரையும் சேர்த்துப் படிக்கும்போது, ஆடம்ஸ்தான் சுவையான எழுத்தாளர் என்று படுகிறது. அவர் சண்டைக்கு வருகிறார், உளறுகிறார், தன்னையே கிண்டல் செய்கிறார். ஜெஃபர்சன் எப்போதும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பேசுகிறார். இருவரும் ஒரே நாளில், சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவில் இறந்தது அமெரிக்கர்கள் சொல்லி அலுக்காத செய்தி. நான் அதில் நிற்கப்போவதில்லை.

டுமாஸ் மலோன் எழுதிய ஆறு தொகுதி வாழ்க்கை வரலாறு இந்தத் துறையின் தேர். 1948-இல் வடம்பிடித்து 1981-இல் நிலை சேர்த்தார். ஓய்வுக் காலத்தைச் சொல்லும் ஆறாம் தொகுதி வந்தபோது மலோனுக்கு 89 வயது, பார்வை பெரிதும் மங்கியிருந்தது. முதியவர் ஒருவர் இன்னொரு முதியவரைப் புரிந்துகொண்டு எழுதிய நூல் அது. வர்ஜீனியாப் பல்கலைக்கழகம் கட்டிய கதை, 6,487 புத்தகங்களை 23,950 டாலருக்கு அரசுக்கு விற்றுவிட்டு உடனே மறுபடி வாங்கத் தொடங்கிய கதை, நண்பர் வில்சன் கேரி நிக்கலஸுக்கு 20,000 டாலர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு 1819 நிதி நெருக்கடியில் மாட்டிக்கொண்ட கதை எல்லாம் அதில் நிதானமாக விரிகின்றன. சாகும்போது அவருடைய கடன் 107,000 டாலருக்கு மேல். ஆனால் மலோனின் தேர் மாட வீதியில் மட்டுமே சுற்றியது. வீட்டுக்குப் பக்கத்திலேயே பட்டறைகளும் குடிசைகளும் இருந்த மல்பெரி ரோ என்ற தெருவுக்குள் அது திரும்பவில்லை. ஜெஃபர்சனின் அடிமைப் பெண் சாலி ஹெமிங்ஸுக்கு அவரால் பிள்ளைகள் பிறந்தார்கள் என்ற விஷயத்தை 1970-இல் வந்த நான்காம் தொகுதியின் பின்னிணைப்பில் கட்டுக்கதை என்று முடித்துவிட்டார்.

மல்பெரி ரோவுக்கான வழியை ஜெஃபர்சனின் கையெழுத்தே வைத்திருந்தது. எட்வின் பெட்ஸ் 1944-இல் அவருடைய தோட்டக் குறிப்பேட்டையும் 1953-இல் பண்ணைக் குறிப்பேட்டையும் பதிப்பித்தார். முதலாவது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. ஆயிரம் அடி நீளக் காய்கறித் தளம். முந்நூறுக்கும் மேற்பட்ட ரகங்கள். பட்டாணி எந்தத் தேதியில் முளைத்தது, எந்தத் தேதியில் பந்திக்கு வந்தது. நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று: வெண்டையும் கத்தரியும் அங்கே விளைந்தன, நல்லெண்ணெயை முதன்முதலில் ருசித்த ஜெஃபர்சன் அது ஆலிவ் எண்ணெய்க்கு இணை என்று வியந்து, எள் பயிரிட்டு எண்ணெய் எடுக்க ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார். எள்ளை ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தவர்கள் அடிமைகள்தான் என்று அவரே பேத்திக்கு எழுதியிருக்கிறார். வயதில் கிழவன், தோட்ட வேலையில் இளைஞன் என்று பீலிடம் தன்னைப் பற்றி 1811-இல் சொல்லிக்கொண்டார். மண்ணைக் கொத்தியவர் வோர்ம்லி ஹியூஸ் என்ற அடிமைத் தோட்டக்காரர். பின்னால் ஜெஃபர்சனுக்குக் குழி வெட்டியவரும் அவர்தான்.

பண்ணைக் குறிப்பேடு வேறு மாதிரி நூல். அதில் பெயர்கள் இருக்கின்றன. பிறந்த ஆண்டு, யாருக்கு எத்தனை போர்வை, எவ்வளவு மீன், எத்தனை முழம் துணி. வாழ்நாளில் ஜெஃபர்சனுக்கு அடிமைகளாக இருந்தவர்கள் 600-க்கும் மேல். ஓய்வுக் காலத்தில் மான்டிசெல்லோவில் ஒரே நேரத்தில் இருந்தவர்கள் சுமார் 130. இந்த நூலை வைத்துக்கொண்டுகூட இருபது ஆண்டுகளுக்கு யாரும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஜெஃபர்சனின் ஆணிப் பட்டறையில் அடிமைச் சிறுவர்கள் சவுக்கால் அடிக்கப்பட்டதைச் சொல்லும் 1801-ஆம் ஆண்டுக் கடிதத்தை வெளியிட்டபோது, அந்த வரியை மட்டும் பெட்ஸ் விட்டுவிட்டார் என்று எழுத்தாளர் ஹென்றி வீன்செக் 2012-இல் எடுத்துக்காட்டினார். ஒரு வரிதான். அந்த வரி இல்லாததால் ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் ஆணிப் பட்டறையைத் தொழிற்பயிற்சிக் கூடம்போல எழுதினார்கள்.

1974-இல் ஃபான் பிராடி உளவியல் நோக்கில் எழுதிய வரலாறு சாலி ஹெமிங்ஸை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. விற்பனையில் வென்றது, அறிஞர்களிடம் வசை வாங்கியது. ஊகங்கள் அதிகம் என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு ஆவணத்தை அவர் மதித்துப் படித்தார். சாலியின் மகன் மேடிசன் ஹெமிங்ஸ் 1873-இல் ஓஹையோவில் ஒரு செய்தித்தாளுக்குச் சொன்ன நினைவுக்குறிப்பு அது. ஜெஃபர்சன் தன் தந்தை என்றும், எல்லோரிடமும் அன்பாக இருந்தவர் எங்களிடம் மட்டும் தகப்பன் பாசம் காட்டியதில்லை என்றும் அவர் சொல்கிறார். வீட்டிலிருந்த வெள்ளைக் குழந்தைகளைத் தாஜா செய்து எழுத்துக் கற்றுக்கொண்டேன் என்கிறார். தினமும் காலையில் இரட்டைப் பேனாவால் எழுதிய மனிதரின் வீட்டில், இவருக்கு எழுத்து வந்த வழி இது.

அனெட் கார்டன்-ரீட் சட்டப் பேராசிரியர். 1997-இல் அவர் எழுதிய நூல் புதிய ஆவணம் எதையும் தேடவில்லை. இருக்கும் சாட்சியங்களை வரலாற்றாசிரியர்கள் எப்படி எடைபோட்டார்கள் என்று ஒரு குறுக்கு விசாரணை நடத்தியது. ஜெஃபர்சனின் பேரப்பிள்ளைகள் சொன்னால் சாட்சியம், மேடிசன் சொன்னால் வதந்தி. இந்தத் தராசு ஏன் இப்படிச் சாய்கிறது என்பது ஒன்றே அவர் கேள்வி. மறு ஆண்டு நவம்பரில் மரபணுச் சோதனை, மேடிசனின் தம்பி எஸ்டனின் வழித்தோன்றல் ஜெஃபர்சன் ஆண்வழியோடு பொருந்துவதைக் காட்டியது. மான்டிசெல்லோவை நிர்வகிக்கும் அறக்கட்டளையும் 2000-இல், சாலியின் ஆறு பிள்ளைகளுக்கும் தந்தை பெரும்பாலும் ஜெஃபர்சனே என்ற முடிவுக்கு வந்தது. ஏற்காதவர்கள் இன்றும் இருக்கிறார்கள், சிறுபான்மையாக. கார்டன்-ரீட் 2008-இல் எழுதிய ஹெமிங்ஸ் குடும்ப வரலாறு புலிட்சர் பெற்றது. இந்தத் துறையில் ஒரே ஒரு நூல் படிக்க நேரமிருக்கிறது என்பவருக்கு அதைத்தான் சொல்வேன்.

வீன்செக் சண்டையையும் சொல்ல வேண்டும். அடிமைகளின் குழந்தைப் பிறப்பால் ஆண்டுக்கு 4 சதவீதம் லாபம் என்று 1790-களில் ஜெஃபர்சன் போட்ட ஒரு கணக்கைத் தன் நூலுக்கு அச்சாணியாக்கினார் வீன்செக். அது வர்ஜீனியப் பண்ணைகள் பற்றிய பொதுக் கணக்கு, மான்டிசெல்லோ வரவுசெலவு அல்ல என்று கார்டன்-ரீடும் மான்டிசெல்லோ வரலாற்றாசிரியர் லூசியா ஸ்டான்டனும் கடுமையாக மறுத்தார்கள். அச்சாணி பலவீனமானது என்பதே என் எண்ணமும். ஆனால் அவருக்கு அந்தக் கணக்கு தேவையே இல்லை. 1820-இல் மருமகன் ஜான் வேல்ஸ் எப்ஸுக்கு எழுதிய கடிதத்தில், பண்ணையின் சிறந்த ஆண் உழைப்பாளியைவிட இரண்டு ஆண்டுக்கு ஒரு குழந்தை பெறும் பெண்ணே அதிக ஆதாயம் என்று ஜெஃபர்சனே சொல்லியிருக்கிறார். கடிதம் எழுதும் காலைப் பொழுதில், பாலிகிராஃபின் இரு பேனாவாலும்.

1814-இல் எட்வர்ட் கோல்ஸ் என்ற இளைஞர், அடிமை விடுதலைக்கு நீங்கள் தலைமை ஏற்க வேண்டும் என்று எழுதினார். அது இளைஞர்களின் வேலை, தனக்குப் பிரார்த்தனை ஒன்றே மிச்சம் என்ற பொருளில் பதில் போனது. கோல்ஸ் காத்திருக்கவில்லை. 1819-இல் தன் அடிமைகளை அழைத்துச் சென்று விடுதலை செய்தார், பிறகு இல்லினாய் ஆளுநரானார். கொஸ்சியூஸ்கோ தன் அமெரிக்கச் சொத்தை அடிமைகளை விடுவிக்கச் செலவிடும்படி உயில் எழுதி, அதை நிறைவேற்றும் பொறுப்பை ஜெஃபர்சனிடம் விட்டிருந்தார். வயதைக் காரணம் காட்டி 1819-இல் ஜெஃபர்சன் அதிலிருந்தும் விலகிக்கொண்டார். அதே வயதில்தான் பல்கலைக்கழகம் கட்டினார்.

ஸ்டான்டன் முப்பது ஆண்டுக்கு மேல் மான்டிசெல்லோவில் இருந்துகொண்டே அடிமைக் குடும்பங்களின் வழித்தோன்றல்களைத் தேடிப் பேசியவர். 2012-இல் வந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பு இந்தத் துறையின் திசையை அமைதியாக மாற்றியது. அவரால்தான் சமையற்காரி எடித் ஃபாசெட், உக்கிராணச் சாவி வைத்திருந்த பர்வெல் கோல்பர்ட், தச்சர் ஜான் ஹெமிங்ஸ் ஆகியோர் முழு மனிதர்களாக நமக்குத் தெரிகிறார்கள். விருந்தாளிகள் புகழ்ந்த பிரெஞ்சு ருசி எடித்தின் கைப்பக்குவம். 1827 ஜனவரி ஏலத்தில் அவரும் பிள்ளைகளும் விற்பனைக்கு வந்தார்கள். கணவர் ஜோ ஃபாசெட்டுக்கு மட்டும் உயிலில் விடுதலை.

ஜான் ஹெமிங்ஸ் ஜெஃபர்சனுக்கு எழுதிய கடிதங்களும் இருக்கின்றன. விருந்தாளிகளிடமிருந்து தப்பிக்க ஜெஃபர்சன் ஓடி ஒளியும் பாப்லர் ஃபாரஸ்ட் என்ற இரண்டாம் பண்ணை வீட்டில் மரவேலை எந்த அளவில் இருக்கிறது என்ற விவரங்கள்; கீழே கையெழுத்து. 1825-இல் பேத்தி எலனுக்குக் கல்யாணச் சீராக அவர் ஒரு எழுத்து மேசை செய்தார். பாஸ்டனுக்குப் போகும் வழியில் அது கடலோடு போய்விட்டது. செய்தி கேட்டு ஜான் இடிந்துபோனதை ஜெஃபர்சன் எலனுக்கு விவரமாக எழுதுகிறார். கண் மங்கிவிட்டதால் இன்னொன்று செய்ய அவரால் முடியாது. அதற்கு ஈடாக, சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தன் கைமேசையை ஜெஃபர்சன் அனுப்பிவைத்தார். அது இன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது.

1818 நவம்பர் 15 தேதியிட்ட ஒரு கடிதம் பாப்லர் ஃபாரஸ்டிலிருந்து வந்தது. எழுதியவர் ஹன்னா, அந்த வீட்டைப் பார்த்துக்கொண்ட அடிமைப் பெண். வீடும் சாமான்களும் பத்திரமாக இருக்கின்றன. இந்த இலையுதிர் காலத்தில் நீங்கள் வரப்போவதில்லை என்று கேள்விப்பட்டேன். உடம்புக்கு முடியவில்லை என்று தெரிந்து வருந்தினேன். பிழைக்கவைத்தது கடவுள்தான், வேறு யாருமல்ல, அவருக்கு நன்றியோடு இருங்கள். எழுத்துப்பிழைகளோடு, எஜமானுக்கு ஒரு சிறு உபதேசம். அந்த ஆண்டு அவருக்கு வந்த கடிதங்களில் எதையும் கேட்காத கடிதம் இதுபோல் அதிகம் இருந்திருக்காது. ஓய்வுக் காலப் பதிப்பின் 13-ஆம் தொகுதியில், பல்கலைக்கழகத் திட்ட அறிக்கை வரும் அதே தொகுதியில் அச்சாகியிருக்கிறது. ஜெஃபர்சன் கடிதங்களைப் படிக்க விரும்புபவர்கள் ஆடம்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் இதைப் படியுங்கள்.